ஜனவரி 1 அன்று பூஜ்யம்: உயிரியல் பூங்காக் கணக்கு எழுதுவது எப்படி?

முதலில் நீங்கள் கேட்டதை வரிசைப்படுத்திக்கொள்கிறேன். உங்கள் பத்து வயது மகள் இந்த வருடம் உயிரியல் பூங்காக்களில் பார்க்கும் விலங்கு, பறவை, பாம்பு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, டிசம்பரில் மொத்தம் எத்தனை இனம் என்று எண்ண ஆசைப்படுகிறாள். வெள்ளைப் புலியைத் தனியாக எண்ணலாமா? வண்டலூர் பூங்கா ஏரியில் தானாக வந்து இறங்கும் கூழைக்கடாவை (பெலிகன்) சேர்க்கலாமா? கூண்டில் பெயர்ப்பலகை இருந்தும் விலங்கு கண்ணில் படாவிட்டால் என்ன செய்வது? அப்புறம், "காட்டில் பார்த்தால்தானே கணக்கு, கூண்டில் பார்த்ததை எழுதி என்ன பயன்?" என்று வீட்டில் ஒருவர் கேட்கிறார்.

நான் இந்தக் கணக்கை 2012 முதல் எழுதிவருகிறேன். ஆண்டுக்கு ஒரு நோட்டு. அதனால் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்றக் கேள்விகளுக்கு விதி தானாகவே கிடைத்துவிடும்.

வீட்டில் கேட்டவர் சொல்வது பறவை பார்ப்பவர்களின் விதி. அவர்கள் சுதந்திரமாகப் பறக்கும் பறவையை மட்டும்தான் எண்ணுவார்கள். பறவைப் பதிவுத் தளமான இபேர்டில் கூண்டுப் பறவையைப் பதிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். எல்லா உயிர்களையும் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் வளர்ப்பு விலங்கைப் பதிந்தால் அதை 'வளர்ப்பு' என்று குறிக்க வேண்டும். 2015-ல் அமெரிக்கரான நோவா ஸ்ட்ரைக்கர் ஒரே ஆண்டில் 6,042 பறவை இனங்களைப் பார்த்தார். மறு ஆண்டே நெதர்லாந்தைச் சேர்ந்த ஆர்யான் ட்வார்ஷௌஸ் 6,800-ஐத் தாண்டினார். அதில் ஒன்றுகூடக் கூண்டில் பார்த்ததில்லை. அந்த விதி சரியான விதி. ஒரு பறவை எங்கே வாழ்கிறது, எப்போது வலசை வருகிறது என்று அறியத்தான் அந்தப் பதிவுகள். அதில் கூண்டுப் பறவை கலந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

நம் கணக்கு வேறு. நாம் பதிவது காட்டை அல்ல, பூங்காவை. எந்த ஊரில் எந்த விலங்கை எந்த ஆண்டில் மக்கள் நேரில் பார்க்க முடிந்தது என்பதுதான் இதில் கிடைக்கும் செய்தி. அது சின்னச் செய்தி என்று நான் நினைக்கவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது சென்னை மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது. எங்கள் பாட்டி அதை 'உயிர் காலேஜ்' என்பார். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். 1855-ல் எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர் மியூசியத்துக்குக் கூட்டம் வரவேண்டும் என்று அங்கே உயிருள்ள விலங்குகளை வைத்தார். கர்நாடக (ஆற்காட்டு) நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். இந்தியாவின் மிகப் பழைய பொது உயிரியல் பூங்கா அப்படித்தான் பிறந்தது. பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, 1985-ல் வண்டலூருக்குப் போனது. அந்தப் பழைய இடத்துக்கு நான் ஆறேழு தடவையாவது போயிருப்பேன். என்னவெல்லாம் பார்த்தேன் என்று இன்று யோசித்தால், தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நின்ற ஒரு கரடி மட்டும்தான் நினைவில் இருக்கிறது. புலி இருந்ததா, ஒட்டகச்சிவிங்கி இருந்ததா? எனக்குத் தெரியாது. கூட வந்த அப்பாவும் இப்போது இல்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டில் நான்கு வரி எழுதியிருந்தால் போதும். உங்கள் மகள் அதைச் செய்ய நினைக்கிறாள். தடுக்காதீர்கள்.

ஆயுள் முழுக்க ஒரே பட்டியலாக வைக்காமல் ஏன் ஆண்டுக் கணக்கு? ஆயுள் பட்டியலில் ஒரு விலங்கை ஒரு தடவை எழுதினால் அதோடு முடிந்தது. அடுத்த முறை புள்ளிமான் கூண்டைத் தாண்டும்போது கண் அங்கே நிற்காது, புதிதாக எதுவும் உண்டா என்றுதான் தேடும். ஆண்டுக் கணக்கில் ஜனவரி 1 அன்று எல்லாம் பூஜ்யம். புள்ளிமானும் மறுபடி புதுசு. இருபதாவது தடவையாக நின்று பார்க்கும்போதுதான், கொம்பு விழுந்த ஆண் எது, தோல் மூடிய புதுக் கொம்பு முளைக்கும் ஆண் எது என்று கண்ணுக்குப் பிடிபடும். எனக்கு அது பிடிபட ஐந்து நோட்டு ஆனது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டு நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மறைந்தது, எது வந்தது என்று தெரியும். என் 2012, 2013 நோட்டுகளில் மைசூருப் பூங்காவுக்கான பக்கத்தில் 'கொரில்லா' என்று ஒரு வரி இருக்கிறது. அது போலோ. 1995-ல் டப்ளினிலிருந்து வந்த ஆண். அப்போது இந்தியாவில் இருந்த ஒரே கொரில்லா. 2014-ல் அது இறந்துபோனது. 2015 முதல் ஏழு நோட்டுகளில் அந்த வரி இல்லை. 2021 ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து இரண்டு ஆண் கொரில்லாக்களை மைசூருக்குக் கொண்டுவந்தார்கள். என் 2022 நோட்டில் மீண்டும் 'கொரில்லா'. நடுவில் இருக்கும் அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தனி விலங்கின் நினைவு வரும். ஆயுள் பட்டியலில் இந்த வெற்றிடம் தெரிந்தே இருக்காது.

2020 நோட்டும் அப்படித்தான். மார்ச்சில் எல்லாப் பூங்காவும் மூடியது. வண்டலூர் நவம்பரில்தான் திறந்தது. அந்த ஆண்டின் நோட்டில் பாதிப் பக்கங்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. அதை நான் பின்னால் வேறெதற்கும் பயன்படுத்தவில்லை.

சரி, விதிகளுக்கு வருவோம்.

எதைப் 'பார்த்தது' என்று சொல்வது? என் அளவுகோல்: உயிரோடு, என் கண்ணால், இன்ன இனம் என்று சொல்ல முடிகிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலகையைப் படித்தது பார்த்ததாகாது. வைக்கோலுக்குள் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது என்றால் அதுவும் ஆகாது. வண்டலூரில் இரவு விலங்குகளுக்கென்று ஒரு கூடம் உண்டு. வெயிலிலிருந்து உள்ளே போனதும் எதுவும் தெரியாது. பெரும்பாலானவர்கள் "ஒண்ணும் இல்லப்பா" என்று ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். அங்கே பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கண் பழகியதும் மூலையில் முள்ளம்பன்றி அசைவது தெரியும், மேலே மரநாய் நடப்பது தெரியும். கண்ணாடியைத் தட்டக் கூடாது, செல்போன் வெளிச்சம் அடிக்கக் கூடாது, காவலரைக் கூப்பிட்டு எழுப்பித் தரச் சொல்லக் கூடாது. தூங்குகிற விலங்கை எழுப்பி வாங்கிய எண்ணை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். இந்த ஒன்றில் மட்டும் மகளிடம் கண்டிப்பாக இருங்கள்.

பார்க்க முடியாததையும் எழுதுங்கள். பலகை இருக்கிறது, விலங்கு தெரியவில்லை என்றால் பெயரை எழுதிப் பக்கத்தில் 'கா' என்று போடுவேன். காணவில்லை என்பதன் சுருக்கம். இது எண்ணிக்கையில் சேராது. ஆனால் அந்த எழுத்து நிறையச் சொல்லும். ஒரு பூங்காவில் ஒரு நீர்நாய்க் கூண்டுக்கு நேராக மூன்று ஆண்டு தொடர்ந்து 'கா' போட்டிருந்தேன். நான்காவது ஆண்டு அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டபோது, அது இறந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது, பலகையைத்தான் எடுக்கவில்லை என்றார்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் உயிரியல் பூங்காக்களை 1992-ல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கீகரித்துக் கண்காணிக்கிறது. ஒவ்வொரு பூங்காவும் மார்ச் 31 நிலவரப்படி தன்னிடம் உள்ள விலங்குகளின் கணக்கை ஆணையத்துக்குத் தரவேண்டும். எந்த இனத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, பிறந்தது, வந்தது, இறந்தது, வெளியே போனது எல்லாம் அதில் இருக்கும். ஆணையம் இந்தப் பட்டியல்களை வெளியிடுகிறது. கூண்டுக்கு முன்னால் குழம்பினால் வீட்டுக்கு வந்து அதைப் பாருங்கள். அதைப் படிக்கப் படிக்க உங்கள் மகளுக்கு இன்னொன்றும் புரியும்: பெரியவர்களும் ஒவ்வோர் ஆண்டும் இதே கணக்கைத்தான் எழுதுகிறார்கள்.

வெள்ளைப் புலி தனி இனம் இல்லை. வங்கப் புலியில் ஒரு நிறமாற்றம், அவ்வளவுதான். 1951-ல் ரீவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரு குட்டியிலிருந்துதான் பூங்காக்களில் இருக்கும் பெரும்பாலான வெள்ளைப் புலிகளின் வம்சம் பெருகியது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட சின்ன மாற்றம்தான் காரணம் என்று 2013-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். நிறத்துக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யவைத்ததால் மாறுகண் போன்ற குறைகளும் அந்த வம்சத்தோடு வந்தன. ஆகவே மஞ்சளோ வெள்ளையோ, நோட்டில் 'புலி' என்று ஒரு வரிதான். வெள்ளை மயில், கருஞ்சிறுத்தை, வெள்ளை வெளிமான் எல்லாவற்றுக்கும் இதே விதி. நிறத்தைக் குறிப்பாக எழுதிக்கொள்ளட்டும், எண்ணில் சேர்க்க வேண்டாம்.

சிங்கத்தில் ஒரு சிக்கல். முன்பு சர்க்கஸ்களிலிருந்து வந்த, ஆப்பிரிக்க ரத்தமும் ஆசிய ரத்தமும் கலந்த சிங்கங்கள் நம் பூங்காக்களில் நிறைய இருந்தன. அவற்றைப் பெருக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். எதுவானாலும் இனம் ஒன்றே. கிர் சிங்கத்தைத் தனி வரியில் எழுதத் தோன்றினால், துணை இனத்துக்கு என்று ஒரு கட்டம் போட்டு அதில் எழுதலாம். மொத்தத்தில் ஏறக்கூடாது.

இப்போது கூழைக்கடா. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். வண்டலூர் ஓட்டேரி ஏரியில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், வக்கா எல்லாம் தாமாக வந்து தங்குகின்றன. அதே பூங்காவில் பறவைக் கூண்டிலும் கூழைக்கடா இருக்கலாம். தில்லி உயிரியல் பூங்கா 1959-ல் திறந்தது. மறு ஆண்டிலிருந்தே காட்டு மஞ்சள்மூக்கு நாரைகள் அதன் குளத்து மரங்களில் கூடு கட்டத் தொடங்கி, இன்றும் வருகின்றன. கூண்டில் இருப்பவற்றைப் பார்க்க டிக்கெட் எடுத்து வருபவர்களின் தலைக்கு மேலே, யாரும் அழைக்காமல் வந்து குஞ்சு பொரிக்கின்றன. இதை எழுதாமல் எப்படி விடுவது?

நான் நோட்டை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறேன். இடப்பக்கம் 'கூண்டு', வலப்பக்கம் 'சுதந்திரம்'. இரண்டுக்கும் தனித்தனி மொத்தம். ஒரே இனம் இரண்டு பக்கமும் வரலாம். வலப்பக்கத்தில் இருப்பதை அவள் தாராளமாக இபேர்டிலும் பதியலாம், அவை காட்டுப் பறவைகள்தானே. இறகு வெட்டிக் குளத்தில் விட்ட பறவையா, தானாக வந்ததா என்று சந்தேகம் வந்தால் கொஞ்ச நேரம் காத்திருங்கள். பறந்து வேலியைத் தாண்டிப் போனால் வலப்பக்கம். பறக்கவில்லை என்றால் இடப்பக்கமே இருக்கட்டும்.

இரண்டிலும் சேராத ஒன்று மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் உண்டு. அங்கே இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்துவந்து, சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்துவிட்டு, மறுபடி வெளியே கொண்டுபோய் விடுவார்கள். நாம் போன அன்று பானையில் இருந்த பாம்பு அடுத்த மாதம் ஏதோ ஒரு வயல் வரப்பில் இருக்கும். நான் அதை இடப்பக்கத்தில் எழுதி, 'விடப்படும்' என்று குறித்து வைக்கிறேன்.

அடுத்தது பெயர். அதிகத் தவறு நடப்பது இதில்தான். 'மான்' என்று மட்டும் எழுதினால் கணக்கு நிற்காது. கடமானும் மிளாவும் ஒன்றே, ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. கேளையாடு என்கிறோம், அது மான். கழுதைப்புலியில் புலியும் இல்லை, கழுதையும் இல்லை. மரநாயும் நீர்நாயும் நாய்க் குடும்பம் அல்ல, ஆனால் செந்நாய் உண்மையிலேயே நாய்க் குடும்பம். உங்கள் மகளுக்கு இதெல்லாம் விளையாட்டாகவே இருக்கும். தமிழ்ப் பெயரை அவள் விருப்பம்போல் எழுதட்டும். பக்கத்தில் பலகையில் இருக்கும் அறிவியல் பெயரையும் அப்படியே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணுவது அதை வைத்துத்தான்.

ஆனால் பலகையிலும் பழைய பெயர் இருக்கும். முன்பு இந்தியா முழுவதும் உள்ள சாம்பல் மந்திகளை எல்லாம் ஒரே இனமாக எழுதினார்கள். இப்போது நம் பக்கத்தில் தலையில் கொண்டையோடு இருப்பது தனி இனம், வடக்கே இருப்பது வேறு. சருகுமானும் அப்படித்தான். இந்தியச் சருகுமானையும் இலங்கைச் சருகுமானையும் 2005-ல் பிரித்துவிட்டார்கள். ஒட்டகச்சிவிங்கி ஒரே இனம் என்று இருந்தது. 2025 ஆகஸ்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். அதை நான்கு இனமாக ஏற்றுக்கொண்டது. பறவைகளுக்கு 2025 ஜூனில் அவிலிஸ்ட் என்ற பொதுப் பட்டியல் வந்திருக்கிறது. அதுவரை ஆளுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து 11,131 இனங்களில் உடன்பட்டார்கள். நான் கடைப்பிடிப்பது இது: ஜனவரி 1 அன்று நடப்பில் இருக்கும் பட்டியல்தான் அந்த ஆண்டு முழுவதற்கும். நடுவில் பிரித்தாலும் சேர்த்தாலும் அடுத்த ஆண்டுதான் அமல். பழைய நோட்டைத் திருத்தவே மாட்டேன். அன்று என்ன தெரிந்ததோ அதுதான் அந்த நோட்டு.

எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சென்னையிலிருந்து தொடங்கினால் மூன்று இடம் போதும். வண்டலூரை ஒரே நாளில் முழுதாகப் பார்க்க முயலாதீர்கள். இரண்டு நாளாகப் பிரித்து, திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் பெரிய பூனைகள் எல்லாம் நிழலில் படுத்துவிடும். சிங்கவால் குரங்குகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத விலங்கு அது. கிண்டியில் 1972-ல் தொடங்கிய பாம்புப் பண்ணையும் சிறுவர் பூங்காவும் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒரு காலைப்பொழுது போதும். வடநெம்மேலி முதலைப் பண்ணையை ராமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கினார். உலகில் உள்ள முதலை இனங்கள் இருபத்தைந்து அளவில்தான். அவற்றில் பலவற்றை இந்த ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம். ஆண்டுக் கணக்கில் இவ்வளவு வேகமாக எண் ஏறும் இடம் நம் பக்கத்தில் வேறு கிடையாது. ஆனால் ஒரு முதலைக்கும் இன்னொரு முதலைக்கும் வித்தியாசம் சொல்வது கடினம், மூக்கின் அகலத்தைப் பார்த்துப் படம் வரையச் சொல்லுங்கள். கரியல் என்ற முதலையின் நீண்ட ஒல்லி மூக்கையும், ஆண் கரியலின் மூக்கு நுனியில் சின்னப் பானை போல இருக்கும் புடைப்பையும் ஒரு தடவை வரைந்தால் மறக்காது.

விடுமுறையில் வெளியூர் போனால் மைசூரு, திருவனந்தபுரம், ஹைதராபாத். மைசூருப் பூங்கா 1892-ல் தொடங்கியது, மர நிழலில் நடக்க அதுபோல் சுகமான இடம் குறைவு. வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பூங்காவுக்கும் விடுமுறை: வண்டலூருக்கும் மைசூருக்கும் செவ்வாய், முதலைப் பண்ணைக்கும் திருவனந்தபுரத்துக்கும் திங்கள். பயணத்துக்கு முன் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பாண்டாவும் பனிச்சிறுத்தையும் வேண்டுமென்றால் டார்ஜிலிங் வரை போகவேண்டும். அது பிற்பாடு.

எண்ணைத் துரத்த விடாதீர்கள். 2016-ல் நான் துரத்தினேன். ஒரே நாளில் இரண்டு பூங்கா, ஓட்டமும் நடையுமாக. ஆண்டு மொத்தம் அதுவரை இல்லாத அளவு ஏறியது. டிசம்பரில் நோட்டைப் புரட்டியபோது காண்டாமிருகம் என்று எழுதியிருந்தது, ஆனால் அது நின்றதா படுத்திருந்ததா, சேற்றில் இருந்ததா என்று எதுவும் நினைவில் இல்லை. உயிர் காலேஜுக்குப் போய் வந்த சிறுவன் நிலைமைதான். அதன்பிறகு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று நான்கு சொல் எழுதாமல் அடுத்த கூண்டுக்கு நகர்வதில்லை. 'வரையாடு, குட்டி பாறை ஏறப் பழகுகிறது.' 'ஓநாய், வேலி ஓரமே நடை, நிற்கவில்லை.' இப்படி. ஒரு நாளில் பார்க்கும் எண்ணிக்கை குறையும். குறையட்டும். ஓநாய் நிற்காமல் நடந்தது என்று இரண்டு ஆண்டு தொடர்ந்து எழுதினால், அந்தக் கூண்டு அதற்குப் போதவில்லை என்று குழந்தைக்கே தோன்றும். அதைப் பற்றிப் பூங்கா அலுவலகத்துக்கு அவளே ஒரு கடிதம் எழுதலாம், தேதியோடு.

நோட்டுக்குத் தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். கோடு போட்ட நீள நோட்டும் பென்சிலும் போதும், மழையில் பேனா மை கரையும். தேதி, இடம், தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், என்ன செய்தது, கூட யார் வந்தது. கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

வண்டலூரில் முதல் வரி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினாலே நாட்டுக்குரங்கு ஒன்று மதில்மேல் உட்கார்ந்து உங்கள் கையில் இருக்கும் பையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இடப்பக்கத்தில் எழுதுவதா, வலப்பக்கத்திலா என்று அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். பையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.